கோரிக்கை மனு: பாண்டி பஜார் நடைபாதையில் நடக்க இடம் வேண்டி

அனுப்புநர்:
சங்கச் செயலாளர்,
தியாகராய நகர், சென்னை 600 017.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்.
நகல்: போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள்.

பொருள்: பாண்டி பஜார், தியாகராய சாலை நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறுவதையும் நிறுத்தப்படுவதையும் தடுத்தல் மற்றும் இதர கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்களது முந்தைய நான்கு கடிதங்கள்.

ஐயா,

பனகல் பூங்காவிலிருந்து தியாகராய சாலை நெடுக நாள்தோறும் நடக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

பார்வையில் கண்ட கடிதங்கள் தங்கள் கோப்பில் இருக்கும். இல்லையென்றால் ஒப்புகைச் சீட்டுகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கேட்டதுதான் மூன்றாவது கடிதம். நான்காவதுடன் புகைப்படங்களை இணைத்தோம். ஒரு நாள் வண்டிகள் அப்புறப்படுத்தப்பட்டன, மறுநாள் மாலையே அதே இடத்துக்குத் திரும்பின. ஆகவே சொன்னதையே மீண்டும் சொல்ல நேர்கிறது.

1. 2013இல் இச்சாலையின் நடைபாதை வியாபாரிகள் தனி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடப்பவர்களுக்கு இடம் வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று இம்மாநகரம் ஒரு கொள்கையே வகுத்தது. சீர்மிகு நகரத் திட்டத்தில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் வண்டிப்பாதை குறுக்கப்பட்டு, நடைபாதை அகலப்படுத்தப்பட்டு, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அன்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இன்று, பூக்காரம்மா எழுந்து போன இடத்தில் புல்லட் வந்து நிற்கிறது.

சக்கர நாற்காலி ஏறுவதற்காக வைத்த சரிவில்தான் ஸ்கூட்டர்கள் ஏறுகின்றன. நாற்காலி நுழைவதற்காகத் தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியில் அவையும் நுழைந்துவிடுகின்றன. சிக்னலில் காத்திருக்க மனமில்லாதவர்கள் நடைபாதையையே குறுக்குவழி ஆக்கிவிட்டார்கள். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் பின்னால் ஒலித்த ஹாரனுக்குப் பதறி ஒதுங்கியதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வண்டி அவர்மேல் மோதவில்லை என்பதால் அது விபத்துக் கணக்கில் சேராது என்றார்கள். நடைபாதை ஒரு துறையுடையது, வண்டி இன்னொரு துறையுடையது என்றும் சொன்னார்கள். விழுந்தவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று கேட்டுச் சொல்ல வேண்டுகிறோம்.

எலும்பைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறோம். சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமைகளில் அடங்கும் என்று 2025 மே 14 அன்று நீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதைகள் இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமை. நாங்கள் சலுகை கேட்டு வரவில்லை என்பதைத் தங்கள் குறிப்புக் கோப்பில் தனியாக எழுதி வைக்கக் கோருகிறோம்.

எவ்வளவு இடம் போதும் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 103, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குடியிருப்புப் பகுதியிலேயே தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். கடைத்தெருவுக்கு இன்னும் கூடுதல். 1.8 மீட்டர் என்றால் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கலாம். இங்கே தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாள்களில் கடைப் படிக்கட்டுக்கும் பைக் வரிசைக்கும் நடுவே தோளைச் சாய்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

எனவே மாலை நான்கு முதல் இரவு பத்து வரை நிலையான கண்காணிப்பும், வண்டியின் எண்ணைப் பதிவுசெய்து அபராதமும் வேண்டும். கடைக்காரர்கள் தம் ஊழியர்களின் வண்டிகளை வாகன நிறுத்துமிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்துபூர்வ அறிவிப்பும் தேவை. ஒரு எச்சரிக்கை: ஸ்கூட்டரைத் தடுப்பதாகச் சொல்லிச் சரிவுகளைச் சங்கிலி போட்டு அடைத்துவிட வேண்டாம். அப்படிச் செய்தால் ஸ்கூட்டர் வேறு வழி கண்டுபிடிக்கும், நாற்காலிதான் வெளியே நிற்கும்.

2. உடைந்த இருக்கைகளைப் பழுதுபார்த்தல்.

3. மரங்களின் அடியில் சிமெண்ட் பூச்சை அகற்றி, நீர் இறங்க மண் விடுதல்.

4. பொதுக் கழிப்பறையைக் காலை ஐந்து மணிக்கே திறத்தல்.

5. எரியாத தெருவிளக்குகளை மாற்றுதல்.

முதல் கோரிக்கை தொடர்பாக இரு துறையினரும் எங்களுடன் சேர்ந்து கூட்டாய்வு செய்ய ஒரு தேதி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணியானாலும் சரி. அளவு நாடாவை நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய நான்கு கடிதங்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், புகைப்படங்கள்.