மருத்துவமனை நூலகருக்குத் தொடர்பயிற்சி வேண்டும்

மருத்துவமனையின் நூல்நிலையம், மருந்தறையையும் ஆய்வுக்கூடத்தையும் போலவே, நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாகும். ஆயினும், அங்குப் பணிபுரியும் நூலகரின் கல்வி அவர் பட்டம் பெற்ற நாளோடு முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். இக்கருத்து மாறுதல் வேண்டும்.

2001-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சியின் பொருட்டு, உடல்நலமிக்க இருபத்து நான்கு வயதுப் பெண்ணொருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை மூச்சுவழி உட்கொண்டார். ஒரு திங்களுக்குள் நுரையீரல் பழுதுற்று இறந்தார். இம்மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்னும் செய்தி 1950-களின் மருத்துவ இதழ்களிலேயே வெளிவந்திருந்தது. ஆராய்ச்சியாளர் தேடிய பப்மெட் பட்டியலோ, அந்நாளில் 1966-க்கு முற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருக்கவில்லை. ஒரு பட்டியலின் எல்லை எதுவென அறிந்து, அதற்கு அப்பாலும் தேடுவது தேர்ந்த நூலகரின் தொழிலாகும்.

இத்தேர்ச்சி ஒருமுறை கற்று அமைவதன்று. 1879-இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் என்னும் அச்சுப் பட்டியல் 2004-உடன் நின்றுவிட்டது. 1960-இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூல்நிலையம் வெளியிட்ட பொருட்டலைப்புத் தொகுதி இன்றும் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பீகார் மருத்துவர் காலா அசார் என வழங்கும் நோய், அத்தொகுதியில் லீஷ்மேனியாசிஸ் என்னும் பெயரின்கீழ் அடங்கும். இத்தகைய பெயர் வேறுபாடுகளை அறியாதவர் தேடுமிடத்துப் பயனுள்ள கட்டுரைகள் தவறிப்போதல் கூடும். கிடைத்தவற்றுள் நம்பத்தக்கவை எவை எனப் பிரித்தறிதலும் தனிப் பயிற்சியை வேண்டுவதாம்.

நம் நாட்டில் 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. இதழ்களுக்குப் பெரும்பொருள் செலவிடும் அரசு, அவற்றைப் பயன்படுத்தத் துணைநிற்கும் நூலகரின் பயிற்சிக்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குதல் முறையே. தில்லியிலுள்ள தேசிய மருத்துவ நூல்நிலையம் முன்னின்று, வட்டாரந்தோறும் ஆண்டுக்கு இரு வாரப் புத்தறிவுப் பயிற்சி நடத்தலாம். பதவி உயர்வுக்கு அப்பயிற்சி கணக்கில் கொள்ளப்படல் வேண்டும்.

ஒரே நூலகர் உள்ள மருத்துவமனையில் அவர் பயிற்சிக்குச் சென்றால் நூல்நிலையத்தை மூட நேருமே என்பர் சிலர். இத்தடை உண்மையானதே. அண்டை நிலையத்து நூலகர் முறைவைத்து உதவுவதாலும், பயிற்சியைப் பகுதி பகுதியாக அமைப்பதாலும் இதனைக் கடக்கலாம்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. களத்தில் எழும் ஐயங்களைக் களப்பணியாளர் நூலகரிடம் எழுதிக் கேட்பாராக; கேள்வி வந்தால்தான் நூலகரின் திறன் கூர்மையுறும். நூலகவியல் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவரைச் சில வாரங்கள் மருத்துவமனை நூல்நிலையத்தில் பழகச் செய்வாராக. நூலகர் கற்றுக்கொண்டே இருக்கும் மருத்துவமனையில், மருத்துவருக்கு வேண்டிய செய்தி உரிய நேரத்தில் நோயாளியின் படுக்கையருகே வந்துசேரும்.