காய்ச்சல் கட்டி கரைந்த பிறகு

மலையடிவாரத்து ஊர்களுக்குக் காய்ச்சல் புதிதல்ல. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை உலுக்கியெடுத்த கொள்ளைக் காய்ச்சலை ஆராய மதராஸ் அரசு ஒரு குழுவையே அமைத்தது. குளிர்காய்ச்சல் வந்து வந்து போன உடம்பில், இடப்பக்க விலாவுக்கடியில் மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்படும். காய்ச்சல் கட்டி என்றார்கள் நம் முன்னோர். பிற்காலத்தில் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தார்கள். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டமும் டி.டி.டி.யும் அந்தக் கட்டியைப் பெருமளவு கரைத்தன. ஆனால், களக்காட்டு வாழைத்தோட்டத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் “மூச்சை நல்லா இழுங்க” என்று சொல்லி, மருத்துவரின் விரல்கள் இன்றும் தேடுவது அதே மண்ணீரலைத்தான். வினை மட்டும் ஈரலுக்கு, குறிப்பாகக் குடியால் சுருங்கும் ஈரலுக்கு, இடம்பெயர்ந்துவிட்டது. மாகாணம் முழுக்க 1948இல் வந்த மதுவிலக்கு 1971இல் தளர்ந்ததையும், 2003இல் சில்லறை விற்பனையே அரசின் கைக்குப் போனதையும் மருத்துவ வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. (குடியையே அறியாத ஈரல்களும் சுருங்குகின்றன, ஹெபடைட்டிஸ் கிருமியும் சர்க்கரையும் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை.)

வீங்கியதன் மேல் பழிபோடுவது பழைய வழக்கம். 1890களில் இத்தாலியின் பான்டி, மண்ணீரலில் பிறந்த நோயே ஈரலைக் கெடுக்கிறதென்று நம்பி, அதை வெட்டியெடுக்கச் சொன்னார். “கட்டிய எடுத்துட்டா சரியாப் போயிருமா சார்?” என்று உறவினர் கேட்கும்போது பேசுவது அந்தப் பான்டிதான். நம் விவசாயிக்கு விடை சொல்வது எளிது: மடை அடைத்துக்கொண்டால் பச்சையாற்றுக் கால்வாய் பின்னால் தளும்பி, பலமில்லாத கரையை உடைக்கும். இறுகிய ஈரலுக்குள் புக வழியில்லாத இரத்தம் மண்ணீரலில் தேங்குகிறது. உணவுக்குழாயின் அடியில் மெல்லிய சிரைகளைப் புடைக்க வைக்கிறது. ஈரலின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் 5 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. 10ஐ எட்டினால் சிரைகள் புடைக்கும், 12ஐத் தொட்டால் வெடிக்கவும் கூடும்.

1950இல் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் வெடித்த சிரையைப் பலூன் குழாயால் அமுக்கிப் பிடித்தார்கள். இன்று எண்டோஸ்கோப்பின் முனையில் நீலம்பாரித்த சிரையை உறிஞ்சியெடுத்து, அடியில் ஒரு ரப்பர் வளையத்தை நழுவ விடுகிறார்கள். வளையத்தில் சிக்கிய சிரை சில நாளில் சுருங்கி உதிர்கிறது. இதயத்துக்கென்று வந்த புரொப்ரனலால் மாத்திரை இந்த அழுத்தத்தையும் தணிக்குமென்று 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் லெப்ரெக் காட்டினார். இப்போது கார்வெடிலாலும் எழுதிக்கொடுக்கிறார்கள். மண்ணீரலில் மட்டும் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. தட்டணுக்கள் குறைந்திருந்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். எடுத்தால் கிருமித்தொற்றும் ஈரலுக்குப் போகும் சிரையில் இரத்தக்கட்டும் வரும் என்ற அச்சம். வளையம் போட்ட பிறகும் சிரைகள் திரும்பப் புடைக்கும். மாத்திரையைத் தொடரச் சொல்லி, எண்டோஸ்கோப்புக்கு மறுபடி நாள் குறித்து அனுப்புவது அதனால்தான்.