பெயர் எழுதாத படங்கள்

சென்ற மாதம் மண்டகப்பட்டுக்குப் போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் மார்க்கத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்த குகைக் கோயில் இருக்கிறது. இரு புறமும் துவாரபாலகர்கள் ஆயிரத்து நானூறு வருஷங்களாக அலுப்பில்லாமல் காவல் நிற்கிறார்கள். செங்கல், மரம், உலோகம், சுதை இவை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் எடுப்பித்த ஆலயம் இது என்று கல்லிலே சாசனம் வெட்டியிருக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப் பெயர்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். பரணைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டதென்று ஒரு பழைய போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய பாட்டனார் வாலிபத்தில் ஹாக்கி ஆடியவராம். கோஷ்டியுடன் கப்பலேறிக் கொழும்புக்குப் போனபோது எடுத்த படங்களாம்.

"இதற்கு ஏதாவது விலை போகுமா, சார்?" என்று கேட்டார் நண்பர்.

விலை போவதென்னவோ மெய்தான். அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தின் ஆதிகால வீரர்கள் வைத்திருந்த யாத்திரை ஆல்பங்களைச் சேகரிப்போர் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். விளையாட்டுச் சாமான் வியாபாரியான ஸ்பால்டிங் என்பவர் 1888-ஆம் வருஷக் கடைசியில் இரண்டு கோஷ்டிகளை அழைத்துக்கொண்டு உலக யாத்திரை கிளம்பினார். அவர்கள் 1889 ஜனவரியில் நம் கொழும்பிலும் ஆடினார்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி எகிப்திலே பிரமிடுகளின் நிழலில் ஆடினார்கள். ஸ்பிங்க்ஸ் சிலையின்மேல் அவர்கள் ஏறி நின்று எடுத்துக்கொண்ட படம் பிரசித்தமானது. ஈஸ்ட்மன் என்பவர் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1888-இல்தான். அதன் பிறகு ஆட்டக்காரர்களே படம் பிடிக்கலானார்கள்.

இத்தகைய ஆல்பத்தில் சேகரிப்போர் முதலில் தேடுவது அழகை அல்ல. படத்தின் கீழே உரியவர் தம் கையால் எழுதிய பெயரும் ஊரும் தேதியும் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள்.

நமக்கும் அத்தகைய வீரர்கள் இல்லாமற் போகவில்லை. செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த எம். ஜே. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் தேர்ந்தவர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிப் போட்டி ஆட்டத்தில் முதல் பந்து போட்டவர் அவரே. 1935-இல் தியான் சந்துடன் ஹாக்கி கோஷ்டியில் நியூஜிலாந்து சென்றார். மறு வருஷம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா, பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு முயல்வதா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டையே தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1936 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பெர்லினில் நம் ஹாக்கி கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்வருஷத்துப் படங்களை ஓர் ஆல்பத்தில் ஒட்டினால், அதில் இல்லாத ஒரு படந்தான் நம் கண்ணில் முதலில் படும்! அவருடைய கதை எழுதப்பட்டிருப்பதால் அல்லவா அந்த வெற்றிடங்கூட நமக்குப் புரிகிறது?

நண்பரின் ஆல்பத்தைப் புரட்டினேன். கப்பல் தட்டிலே பதினோரு வாலிபர்கள் நிற்கிறார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் யார்? நண்பருக்குத் தெரியவில்லை. அவருடைய தாயார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இதோ, இது அப்பா. மற்றவர்களைத் தெரியவில்லையே! இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

பல்லவ மன்னன் கல்லையே நம்பியவன். ஆயினும் கல்லும் தானாகப் பேசாது என்று கண்டு பெயரையும் பொறித்து வைத்தான். நாமோ காகிதத்தை நம்பி, பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் ஆல்பம் இருக்கக்கூடும். அதிலுள்ள படங்களைப் பிய்க்க வேண்டாம். தனித்தனியே விற்றால் யாத்திரையின் வரிசை குலைந்துவிடும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மெல்லிய பென்சிலால் படத்தின் அடியில் பெயரை எழுதுங்கள். அதற்கு முன்பு, வீட்டிலுள்ள பெரியவர் அருகில் உட்கார்ந்து, "இவர் யார்?" என்று கேளுங்கள். அதை மட்டும் நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

நண்பர் அந்த ஆல்பத்தை விற்கவில்லை. அவருடைய தாயார் அன்றிரவே ஒரு படத்தின் கீழே ஒரு பெயரை எழுதினார்.