மிச்சமாகும் சாப்பாட்டில் கரண்ட்: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூருக்கு 'எஸ்.ஓ.எஃப்.சி' செட் ஆகுமா?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெல்ட்டில், வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தங்கும் விடுதி 2024 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். மொத்தம் 18,720 படுக்கைகள். ஃபாக்ஸ்கானில் வேலை பார்க்கும் பெண்களுக்கான இடம். ஒரே வளாகத்தில் இத்தனை பேர் சாப்பிட்டால் தட்டில் மிஞ்சுவதும் காய்கறிக் கழிவும் எவ்வளவு சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கழிவை பயோகேஸ் ஆக்குவது பழைய கதை. அந்த கேஸை எரிக்காமலேயே மின்சாரம் எடுக்கலாம் என்பதுதான் இப்போதைய பேச்சு. அதைச் செய்யும் கருவி, சாலிட் ஆக்சைடு ஃப்யூல் செல். சுருக்கமாக எஸ்.ஓ.எஃப்.சி.

எரிக்காமல் எப்படி?

பேட்டரி மாதிரிதான். ஆனா சார்ஜ் தீராது, கேஸ் கொடுக்கும் வரை ஓடும். நடுவில் மெல்லிய செராமிக் தகடு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கேஸ். 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாகி, தகட்டைக் கடந்து போய் எரிபொருளோடு சேரும். அப்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் வயர் வழியே ஓடுவதுதான் கரண்ட்.

பயோகேஸில் 50 முதல் 65 சதவீதம் மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. வண்டிக்கான எரிபொருளாக்க அதைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. அந்தச் சூட்டில் மீத்தேனை உடைக்க கார்பன் டை ஆக்சைடே கைகொடுக்கும்.

லாபமும் இருக்கிறது. ஒரு கன மீட்டர் பயோகேஸில் சுமார் 6 யூனிட் ஆற்றல். கேஸ் இன்ஜினில் அதிலிருந்து 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் கரண்ட் கிடைக்கும். சென்னை குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இருப்பது இந்த இன்ஜின்தான். எஸ்.ஓ.எஃப்.சி என்றால் அதே கேஸில் 3 யூனிட்டைத் தாண்டும்.

வில்லன் கந்தகம்

அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் இங்கே பெரிய தலைவலி. சுத்தம் செய்யாத பயோகேஸில் அது பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு, சில சமயம் ஆயிரத்தைத் தாண்டும். செல்லில் இருக்கும் நிக்கலுக்கு 1 பங்கே விஷம். வாகனங்களுக்கான பயோகேஸில் கன மீட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதுவே பத்து லட்சத்தில் 14 பங்கு! வண்டிக்குப் போதுமான சுத்தம், செல்லுக்குப் போதாது.

சாக்கடைக் கழிவில் எடுக்கும் கேஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஷாம்பூ, அழகு சாதனப் பொருட்களில் இருந்து வரும் சிலாக்சேன், செல்லுக்குள் மணல் போலப் படிந்துவிடும். இத்தாலியின் டூரின் அருகே கொலென்யோ கழிவுநீர் நிலையத்தில் 2017-ல் எஸ்.ஓ.எஃப்.சி ஓடத் தொடங்கியபோது, கேஸைச் சுத்தம் செய்ய தனி அமைப்பே வைக்க வேண்டியிருந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

வல்லம் வடகால் விடுதி நிரம்பியிருக்கிறது, ஆளுக்கு தினமும் 100 கிராம் கழிவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சுமார் 1.9 டன். டன்னுக்கு 100 கன மீட்டர் என்றால் 190 கன மீட்டர் கேஸ். எஸ்.ஓ.எஃப்.சி-யில் நாளுக்கு 600 யூனிட் அளவில் வரும். அதாவது 24 மணி நேரமும் 25 கிலோவாட். மெகாவாட் கணக்கில் கரண்ட் இழுக்கும் கார் ஆலைக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி. விடுதியின் விளக்கு, மின்விசிறியில் ஒரு பகுதியை ஓட்டலாம், அவ்வளவுதான்.

அதே கேஸை நேராக சமையலறை அடுப்புக்குக் கொடுத்தால்? தினமும் நாலைந்து கமர்ஷியல் சிலிண்டர் மிச்சம். நிக்கலைப் பற்றிக் கவலையே இல்லை. ஒற்றை விடுதிக்கு இதுதான் புத்திசாலித்தனம்.

பவர்கட் நேரத்துக்கு டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக வைக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. 700 டிகிரிக்குச் சூடாகவே பல மணி நேரம் பிடிக்கும். போட்டால் போட்டபடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சாதனம் இது.

எனவே எஸ்.ஓ.எஃப்.சி-க்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் கேன்டீன் கழிவு மொத்தமும் தரம் பிரித்து ஒரே இடத்துக்கு வர வேண்டும். கேஸ் குறையும் நாளில் குழாய் வழி இயற்கை எரிவாயுவைக் கலந்துகொள்ளலாம். பெங்களூரு இன்டெல் வளாகத்தில் ப்ளூம் எனர்ஜி வைத்த செல்கள் இயற்கை எரிவாயுவில்தான் ஓடின. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கே.ஆர்.ஸ்ரீதர் திருச்சி என்.ஐ.டி-யில் படித்தவர் என்பது கூடுதல் தகவல்.

ஆனால் அப்படிக் குவியும் கேஸுக்கு இன்னொரு ஆளும் காத்திருக்கிறார். நகர எரிவாயு நிறுவனங்கள் வாகனத்துக்கும் வீடுகளுக்கும் விற்கும் கேஸில், சுத்திகரித்து அழுத்திய பயோகேஸ் 2025-26 முதல் 1 சதவீதம், 2028-29-ல் 5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு.