மோட்டார் யந்திரத்தின் மந்தகதி

மோட்டார் வண்டி நிற்குங்கால் அதன் யந்திரமும் உடன் நின்றுவிடலாகாது. ஓட்டுபவர் பெடலினின்று காலை எடுத்த பின்னும் அது மெல்லச் சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். இம்மந்தகதியைத் தொழிலாளர் ஐடிலிங் என்றும் ஸ்லோ என்றும் வழங்குவர். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 600 முதல் 900 சுற்று வரை இருக்கும். இக்காலத்து வண்டிகளில் இதனைக் கணிப்பொறியே காத்துக்கொள்ளுகின்றது. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோயினும் ஆங்காங்கே இன்னும் ஓடும் பழைய அம்பாஸடர் போன்றவற்றிற்கோ ஒரு சிறு திருகாணியே கதி.

அத்திருகாணியின் பொருட்டே நாம் ஈண்டு முறையிட வந்தோம். யந்திரம் நடுங்கி அணையுமாயின், காரணம் வினவாது முதற்கண் அதனை முடுக்கிவிடுதல் பட்டறைகள் பலவற்றில் வழக்கமாய்விட்டது. வண்டிக்குரியவரும் மகிழ்ந்து செல்கின்றார். மகிழாது என் செய்வார்? வண்டி அணையவில்லையே! நோயோ உள்ளேயே இருக்கின்றது. பெட்ரோல் வீணாகின்றது, கால் எடுத்த பின்னும் யந்திரம் வண்டியை முன்தள்ளுதலால், நெரிசல் மிக்க தெருவில் பிரேக்கின் சுமை கூடுகின்றது, சாவியைத் திருப்பி நிறுத்தின பின்னும் யந்திரம் சில கணம் உதறிக்கொண்டே ஓடுதலும் உண்டு.

காரணங்கள் பலவாயினும், காற்றுக் கசிவையே நாம் முதற்கள்வன் என்போம். கார்புரேட்டரின் அடியிலுள்ள காஸ்கெட் பழுதுற்றாலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாய் வெடித்தாலும், மிகுதியான காற்று உட்புகுந்து கலவையை மெலியச் செய்யும். ஐயமுள்ள பொருத்துகளில் சோப்பு நீரைத் தடவுக. சுழலும் ஓசை மாறுமாயின் கசிவு அவ்விடத்ததே. பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பாரும் உளர். கொதிக்கும் யந்திரத்தின்மேல் அது தீயை விருந்துக்கு அழைத்தலேயாம். பின்னர்ப் பிளக்குகளையும் வால்வு இடைவெளியையும் நோக்குக. லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பூண்ட பழைய மாரிஸ் வண்டியாயின் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும்.

இவை செம்மையுற்ற பின்னரே கார்புரேட்டரில் கைவைத்தல் தகும். யந்திரம் நன்கு சூடேறியிருக்கவேண்டும். சோக் முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கவேண்டும். அடைத்த கொட்டகையில் இவ்வேலை கூடவே கூடாது; புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இன்றியே உயிரைக் கவரும்.

மாரிஸ் மைனரில் உள்ள எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் கலவையைச் சோதிக்கும் முறை நமக்கு மிகவும் உவப்பானது. கருவி யாதும் வேண்டா. செவி ஒன்றே போதும். அதனுள்ளிருக்கும் பிஸ்டனை அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு மட்டும் உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நிலைக்குமாயின் பெட்ரோல் மிகுதி; உடனே தளர்ந்து அணையப்போகுமாயின் குறைவு; ஒரு கணம் சிறிதே கூடிப் பின் முன்போல் ஆகுமாயின் கலவை சரி. அடியிலுள்ள நட்டை ஒரு முறைக்கு ஒரு முகம் அளவே திருப்புக; மேலேறின் பெட்ரோல் குறையும், கீழிறங்கின் மிகும்.

கலவை திருந்தியவுடன் வேகமும் மாறும். அப்பொழுது முற்கூறிய திருகாணியைத் தளர்த்திப் பார்மின். பட்டறையார் முடுக்கிவைத்த சுற்றுகளிற் பெரும்பாலன அவிழ்ந்துவரக் காண்பீர்.