பிள்ளை மனமும் நீதிமன்றமும்

மேனாட்டுக் குடும்ப நீதிமன்றங்களிலே கடந்த நாற்பது ஆண்டுகளாக ஒரு சொற்றொடர் வழங்கி வருகின்றது. ‘பெற்றார் அந்நியமாக்கல்’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். கணவனும் மனைவியும் பிரிந்தபின், பிள்ளையைத் தம்மிடம் வைத்திருப்பவர், மற்றவர்மேல் அப்பிள்ளைக்கு இருந்த அன்பைச் சிறிது சிறிதாக அரித்து, ஈற்றிலே ‘எனக்கு அவர் வேண்டாம்’ என்று பிள்ளையே சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து விடுதல் என்பது அதன் பொருள். பொருள் எளிது. ஆனால் இச்சொற்றொடரை வைத்து நடந்த வழக்குகளும், எழுந்த பூசல்களும், இயற்றப்பட்ட சட்டங்களும் எளியன அல்ல. 2023ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை முன் வைக்கப்பட்ட அறிக்கையொன்று, குடும்ப வழக்குகளில் இக்கருத்தை எடுத்தாள்வதையே நாடுகள் சட்டத்தால் தடை செய்தல் வேண்டும் என்று கேட்டது. ஒரு சொல்லுக்குத் தடை கேட்குமளவுக்கு அது செய்த தீங்கு யாது? தீங்கு சொல்லிலா, அதனைக் கையாண்டோரிடத்திலா? இதனைச் சற்று ஆராய்வோம்.

சொல் புதிதாயினும் செய்தி பழையது. ஹென்றி ஜேம்ஸ் 1897இல் வெளியிட்ட நாவலொன்றிலே மெயிசி என்ற சிறுமி வருகின்றாள். விவாகரத்துப் பெற்ற தாயும் தந்தையும் அவளை முறைவைத்துத் தத்தம் வீட்டில் வைத்திருக்கின்றனர். ஒருவர்மேல் ஒருவர் எறிய விரும்பும் வசைகளையெல்லாம் அவள் வாயிலாகவே அனுப்புகின்றனர். சின்னஞ்சிறு பிள்ளை தபாற்காரன் வேலை பார்க்கின்றது. சிறிது காலத்திலே, தான் சுமப்பது நஞ்சு என்பது அவளுக்கு விளங்கிவிடுகின்றது. அன்றுமுதல் அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டவள்போல் இருக்கத் தொடங்குகின்றாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதில்லை. பெரியவர்களோ அவளுக்குப் புத்தி மந்தித்துவிட்டதென்று முடிவு செய்கின்றனர். இப்பொருள்பற்றி உளநூலார் எழுதிய பல நூறு பக்கங்களிலும் இவ்வொரு காட்சியை நான் பெரிதாக மதிக்கின்றேன். ஏனெனில், பிள்ளை என்பது ஊற்றியதை ஏற்கும் பாத்திரமன்று. அதுவும் பார்க்கின்றது, கணக்கிடுகின்றது, தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேடுகின்றது என்ற உண்மையை அந்த நாவலாசிரியர் கண்டிருந்தார். பின்வந்த நிபுணர் பலர் அதைக் காணவில்லை.

1980இல் வாலர்ஸ்ரைன், கெலி என்னும் பெண்மணிகள் இருவர், கலிபோர்ணியாவிலே பிரிந்துபோன அறுபது குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒரு நூல் வெளியிட்டனர். அக்குடும்பங்களில் 131 பிள்ளைகள் இருந்தனர். ஒன்பது முதற் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளிற் சிலர், ஒரு பெற்றாரோடு கூட்டணி சேர்ந்து மற்றவரைப் பகைப்பதை அவர்கள் குறித்து வைத்தனர். அவர்கள் அதனை நோயென்று சொல்லவில்லை. ஐந்தாண்டின்பின், 1985இல், றிச்சாட் காட்னர் என்ற அமெரிக்கச் சிறுவர் மனநோய் வைத்தியர் அதற்கு நோய்ப்பெயர் சூட்டினார். எட்டு அடையாளங்களையும் வகுத்தார். பிள்ளை ஒரு பெற்றாரை ஓயாது பழித்தல். பழிப்பதற்கு அற்பமான காரணங்களைக் கூறல். ஒருவரை முழு நல்லவராகவும் மற்றவரை முழுத் தீயவராகவும் காணல். பெரியவர்களின் வாய்ச்சொற்களை அப்படியே ஒப்புவித்தல். பகை பாட்டன், பாட்டி, மாமன், மாமி வரையிற் பரவுதல் என்பன அவற்றுட் சில. பெருங்குற்றவாளிகளாகத் தாய்மாரையே அவர் முதலிற் கண்டார்; பின்னர் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். நோய் முற்றிய பிள்ளைக்கு அவர் சொன்ன மருந்து கடுமையானது. பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பவரிடமிருந்து பறித்து, அது வெறுப்பவரிடமே ஒப்படைத்துவிடுதல்!

இந்த எட்டு அடையாளங்களுள் ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புகின்றேன். ‘எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, இது என்னுடைய சொந்த எண்ணம்’ என்று பிள்ளை சொல்லுமாயின், அதுவும் நோயின் அடையாளம் என்கிறார் காட்னர். தருக்கம் படித்த மாணவர் இதன் பிழையை உடனே காண்பர். அம்மா சொல்லித் தந்தார் என்று பிள்ளை சொன்னால் தாய் குற்றவாளி. சொல்லித் தரவில்லை என்றாலும் தாய் குற்றவாளி. அப்படியாயின், உண்மையாகவே தகப்பனிடம் அடிவாங்கிய பிள்ளை எந்த வாயாற் பேசும்? எந்தச் சொல்லைச் சொன்னால் அது நம்பப்படும்? ஓர் ஆய்வுகோல் ஒருபோதும் ‘இல்லை’ என்று சொல்லாதாயின், அதன் ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் பெறுமதி இல்லை.

இதனாலேயே அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இதற்கு இடமளிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலின் சொல்லடைவிற் சேர்த்திருந்த இதனை 2020இல் நீக்கிவிட்டது. ஆயினும் நீதிமன்றங்களுக்குள் அது எப்போதோ புகுந்துவிட்டது. பிறேசில் நாடு 2010இலே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2017இல் ஒரு தீர்ப்பிலே இச்சொல்லை எடுத்தாண்டது.

இவ்வளவும் சொன்னதால், அந்நியமாக்கல் என்பதே கட்டுக்கதை என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. பள்ளிக்கூடத்திலே காலங் கழித்த எவருக்கும் அது கட்டுக்கதை அன்று என்பது தெரியும். பரிசளிப்பு விழாவன்று படலைக்கு வெளியே நின்று, ஒலிபெருக்கியில் மகளின் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போன தகப்பனொருவரை நான் கண்டிருக்கிறேன். அவர் செய்த குற்றம் இன்னதென்று எனக்குத் தெரியாது; மகளுக்கும் தெரிந்திருக்குமோ என்பது ஐயம். நம்முடைய வீடுகளிலே இதற்குப் பெரிய சூழ்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ‘கொப்பன்ரை குணந்தானே உனக்கும்’ என்ற ஒரு வார்த்தை போதும். பிள்ளை பிடிவாதம் பிடித்தால், படிப்பிற் பின்தங்கினால், கோபித்தால், ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை வந்து விழுகின்றது. தன்னுள்ளே பாதி பழிக்கத்தக்கது என்று பிள்ளை கற்றுக்கொள்கின்றது. அப்பாதியை அறுத்து எறிவதற்கு அது முயல்வதில் வியப்பென்ன? தாயைப் பழிக்கும் தகப்பன் வீட்டாரும் இதிற் குறைந்தவர் அல்லர்.

சட்டமும் தன் பங்குக்கு நெய் வார்க்கின்றது. கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் உட்படாத நம்மனோர்க்கு, 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களை வகுத்தது: சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், விவாகம் நிகழும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. மனம் ஒவ்வாமற் பிரிந்தோம் என்று இருவரும் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள அதிலே இடமில்லை. ஒருவர் குற்றவாளியாக வேண்டும். குற்றத்தை நிறுவச் சாட்சி வேண்டும். வீட்டிலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி யார்? பிள்ளைதான்.

இனி, பிரிந்த பிள்ளையைச் சேர்த்துவைக்கும் முயற்சிக்கு வருவோம். அமெரிக்காவிலே இதற்கென்று முகாம்கள் தோன்றின. சில நாட்கள் பிள்ளையை அது மறுக்கும் பெற்றாரோடு ஓரிடத்தில் இருத்திப் பயிற்சி அளிப்பர். அதன்பின்னர் மாதக் கணக்கில், அது விரும்பும் பெற்றாரோடு பேசுவதையும் தடை செய்வர். நீதிமன்றக் கட்டளையின் பேரிலேயே இவை நடந்தன. 2022 ஒக்ரோபரிலே கலிபோர்ணியாவின் சாந்தா குரூஸ் நகரில், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள், கதறிய ஒரு சிறுமியையும் அவள் தம்பியையும் தூக்கிச் சென்று வாகனத்தில் ஏற்றிய காட்சி படமாகி ஊரெங்கும் பரவியது. மறு ஆண்டே அம்மாநிலம் சட்டமியற்றியது. பிள்ளை பற்றுவைத்திருக்கும் பெற்றாரிடமிருந்து அதனைத் துண்டிப்பதை அடிப்படையாகக் கொண்ட எந்தச் சேர்ப்பு முறையையும் நீதிமன்றங்கள் கட்டளையிடலாகாது என்பது அச்சட்டம். 2024 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்த குற்றத்துக்கு மருந்தாக மீண்டும் ஒரு பிரிவையே கொடுத்த வைத்தியத்தை எண்ணும்போது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கிலாந்தார் சென்ற வழி சற்று நிதானமானது. 2024 டிசம்பரில் அங்குள்ள குடும்ப நீதி மன்றம் என்னும் ஆலோசனைக் குழு வழிகாட்டுக் குறிப்பொன்றை வெளியிட்டது. நோய் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று அது தெளிவாக ஒதுக்கியது. மூன்று விடயங்கள் நிறுவப்பட்டால் மட்டுமே அந்நியமாக்கும் நடத்தை இருந்ததாகக் கொள்ளலாம் என்றது. பிள்ளை ஒரு பெற்றாரோடு உறவுகொள்ள மறுக்கின்றது. அம்மறுப்பு அப்பெற்றாரின் சொந்தச் செயலாலோ பிள்ளையின் இயல்பான சார்பு முதலிய வேறு காரணங்களாலோ விளைந்ததன்று. மற்றவருடைய நடத்தையே அதற்குக் காரணமாயிற்று. மூன்றையும் ஆராய்ந்து முடிவு சொல்லவேண்டியவர் நீதிபதியே அன்றி நிபுணர் அல்லர். இது மிக முக்கியமான திருத்தம். இங்கிலாந்திலே ‘உளவியலாளர்’ என்ற வெறும் பெயரைச் சட்டம் காப்பதில்லை. எவரும் அதைச் சூடிக்கொள்ளலாம். அத்தகையோர் சிலர் கூறிய சொல்லின்மேற் பிள்ளைகள் வீடு மாறியிருக்கின்றார்கள். மேலும், பிள்ளையின் வாழ்வில் இரு பெற்றாரும் பங்குகொள்வதே நன்று என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டுமென 2014ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்த விதியை நீக்கப்போவதாக, 2025 ஒக்ரோபரில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. கொடுமை செய்த பெற்றாருக்கும் அவ்வனுமானம் வாசல் திறந்துவிட்டது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

சாலமோனின் தீர்ப்பையும், சீன நாட்டுச் சுண்ணாம்பு வட்டக் கதையையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இழுப்பவள் தாயல்லள், நோகுமேயென்று கையை விடுபவளே தாய் என்பது அவற்றின் கருத்து. பிறெக்ற் அதனைப் புரட்டி, பெற்றவள் இழுக்கவும் வளர்த்தவள் கையை விடவும் செய்து, வளர்த்தவளிடமே பிள்ளையைக் கொடுத்தார். கதையில் நீதிபதி அங்கேயே இருக்கிறான். கையை விட்ட கணமே தீர்ப்பு வழங்கப்படுகிறது. நம் காலத்து நீதிமன்றத்திலோ, கையை விட்டவர் அடுத்த தவணைக்காகக் காத்திருக்கவேண்டும். அதற்கடுத்த தவணைக்கும் காத்திருக்கவேண்டும். இதற்கிடையிற் பிள்ளை இரண்டு வகுப்பேறிவிடுகின்றது. பிள்ளை நோகும் என்று அடங்கியிருந்தவரை, ‘அக்கறையில்லாதபடியாற்றான் வரவில்லை’ என்று பிள்ளையே எண்ணப் பழகிவிடுகின்றது. என் மட்டில், அந்நியமாக்குவோருள் முதல்வன் தாயுமல்லன், தகப்பனுமல்லன், தவணையே.

ஜேர்மனியர் இதனை நன்கு உணர்ந்தனர் என்று சொல்லவேண்டும். மோசல் ஆற்றங்கரையிலுள்ள கொக்கெம் என்ற சிறு நகரிலே, 1992 அளவில், ஒரு குடும்ப நீதிபதியும், சட்டத்தரணிகளும், சிறுவர் நலப் பணிமனையாரும், ஆலோசகர்களும் கூடிப் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தனர். பிள்ளைபற்றிய வழக்கு வந்தால் இரண்டொரு கிழமைக்குள் விசாரணை. சட்டத்தரணிகள் மற்றக் கட்சியை இழிவுபடுத்தி நீண்ட மனுக்கள் எழுதுவதில்லை. பெற்றார் இணங்காவிட்டால் உடனே ஆலோசனைக்கு அனுப்பப்படுவர். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது தொழில்செய்வோரின் வழக்கமே. 2009இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மானியக் குடும்ப நடைமுறைச் சட்டம், இத்தகைய வழக்குகளை ஒரு மாதத்துக்குள் விசாரணைக்கு எடுக்கவேண்டும் என்று நாடு முழுவதற்கும் விதித்தது. வீட்டிலே வன்முறை இருந்த இடங்களில் ‘இணங்குங்கள்’ என்று வற்புறுத்துவது ஆபத்து என்ற கண்டனமும் கொக்கெம் முறைக்கு உண்டு, அது நியாயமானதே. ஆயினும் விரைவு என்ற அதன் பாதியையாவது நாம் கடன்வாங்கலாம். 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை ஏற்று, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைத் திருப்பியனுப்ப 2001இலே சட்டம் செய்த நாடு நம்முடையது. ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளைக்கு விரைவு வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்கள், திருநெல்வேலியிலிருந்து கோப்பாய்க்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்கு ஏன் வேண்டாமென்கிறார்கள்?

விரைவு மட்டும் போதாது. பிள்ளையோடு பேசும் மொழியும் வேண்டும். 2017 யூலையில் இங்கிலாந்து நீதிபதி பீற்றர் ஜாக்சன் வழங்கிய தீர்ப்பொன்று, பதினான்கு வயதுப் பையனுக்கு எழுதிய கடிதமாகவே அமைந்தது. ‘சாம்’ என்ற புனைபெயராலே அவனை அழைத்தார். தகப்பனோடு ஸ்கந்திநேவிய நாடொன்றுக்குப் போய் வாழ அனுமதி வேண்டும் என்று அவனே மனுச் செய்திருந்தான். நீதிபதி மறுத்தார். சட்டம் யாது கூறுகின்றது, அவன் விருப்பத்தைத் தாம் எவ்வளவுக்கு மதித்தார், அவ்விருப்பத்திலே தகப்பனின் எண்ணம் எவ்வளவு கலந்திருப்பதாகத் தாம் கருதினார் என்பவற்றையெல்லாம் பள்ளி மாணவனுக்கு விளங்கும் சிறுசிறு வசனங்களில் எழுதினார். தகப்பனுக்கு எதிரான தீர்ப்பு அது. ஆயினும் கடிதத்தை முடிக்கும்போது, உன் தகப்பனுக்கும் எனக்கும் ஒரே நகைச்சுவைப் படம் பிடித்திருக்கின்றது என்று கண்டுபிடித்தோம், ஆனால் பிடித்த காரணந்தான் வெவ்வேறு என்று அப்பையனுக்குச் சொல்லிவிட்டே கையெழுத்திட்டார்.