ஐந்து கம்ப்யூட்டர்... இரண்டு ஹார்ட் டிஸ்க்!

ஆடிட்டர் ஆபீஸ், பிரிண்டிங் பிரஸ், கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டூடியோ, டிராவல்ஸ்... நாலைந்து கம்ப்யூட்டர் ஓடும் எந்த இடத்துக்குப் போய் 'பேக்கப் எடுக்கிறீர்களா?' என்று கேட்டாலும், ஓனர் மேஜை டிராயரைக் காட்டுவார். உள்ளே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கும். 'கடைசியா எப்போ எடுத்தீங்க?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்!

விளையாட்டு விஷயமில்லை இது. கம்பெனி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். அவ்வளவும் இன்று இருப்பது ஏதோ ஒரு சி.பி.யூ.வின் வயிற்றில்தான். புது கம்ப்யூட்டரை ஒரே நாளில் வாங்கிவிடலாம். மூன்று வருட பில்களைத் திரும்ப டைப் அடிக்க யாரால் முடியும்?

முதல் வேலை, எதை பேக்கப் எடுப்பது என்று தெரிந்துகொள்வது. விண்டோஸையும் சாஃப்ட்வேரையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஃபைல்கள்தான் முக்கியம். ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, அதில் வேலை செய்பவரிடமே கேளுங்கள். 'எல்லாம் டாக்குமென்ட்ஸ்ல இருக்கு சார்' என்பார். நம்பாதீர்கள். டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில்தான் ஆபீஸின் உயிரே இருக்கும். மெயிலில் வந்த பில்கள் டவுன்லோட்ஸில் கிடக்கும். பாதிப் பேர் டி டிரைவில் சேமித்திருப்பார்கள்.

கம்ப்யூட்டருக்கு 100 ஜிபி என்றால், ஐந்துக்கும் சேர்த்து 500 ஜிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க் தாராளம். ஆனால், ஒன்றல்ல... இரண்டு வாங்குங்கள். 'ஒன்றுக்கே யோசிக்கிறோம், இரண்டா?' என்று கேட்பீர்கள். காரணம் வருகிறது.

முதல் டிஸ்க்கை ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் செருகி, அதை ஆபீஸ் நெட்வொர்க்கில் ஷேர் செய்துவிடுங்கள். விண்டோஸிலேயே, கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஒரு வசதி இருக்கிறது. தனியாகக் காசு கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதை ஆன் செய்து, சேமிக்கும் இடமாக அந்த ஷேர் டிஸ்க்கைக் காட்டினால் போதும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதன் பெயரிலேயே தனி ஃபோல்டர் போட்டு, மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துவிடும். பழைய பிரதிகளையும் அழிக்காது. 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய் மூன்று மாதம் என்று வைத்தால் டிஸ்க் நிரம்பாமல் இருக்கும்.

ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத்தான் ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுக்கும். டவுன்லோட்ஸும் டி டிரைவும் அதன் கண்ணில் படாது. அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்தால்தான் சேரும்.

முதல் முறை நேரம் பிடிக்கும். உங்கள் ரவுட்டர் 100 எம்பிபிஎஸ் ரகம் என்றால், நொடிக்கு 11, 12 எம்பிதான் நகரும். 100 ஜிபி போய்ச் சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்குப் பிறகு பேக்கப் ஓடுவதே தெரியாது.

டேலி கணக்கை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். எல்லோரும் உள்ளே பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதிய கணக்கு வந்து மாட்டும். நாள் முடிந்ததும், டேலி பிரைமில் ஆல்ட் + ஒய் அழுத்தி, அதன் சொந்த பேக்கப்பை எடுப்பதே சரி.

இப்போது இரண்டாவது டிஸ்க்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்யும் அளவுக்கு நிலைமை போனது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, '300 டாலர் பிட்காயினில் கட்டு' என்று திரையில் மிரட்டும் ரகம். இந்த ரக வைரஸ்கள் கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. செருகியிருக்கும் டிஸ்க், ஷேர் ஃபோல்டர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் பூட்டும். அப்படியானால் நம் முதல் டிஸ்க்கும் போச்சு!

வைரஸ் வேண்டாம், மழை போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால், மேஜைக்கடியில் இருக்கும் சி.பி.யூ.வும் டிராயரில் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் முழுகும்.

எனவே இரண்டாவது டிஸ்க்குக்கு ஆபீஸில் இடமே கிடையாது. சனிக்கிழமை மட்டும் வரும்; முதல் டிஸ்க்கில் உள்ளதை, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புது ஃபோல்டரில் காப்பி செய்துகொள்ளும்; கிளம்பி வீட்டு பீரோவுக்குப் போய்விடும். பழைய ஃபோல்டர் மேலேயே காப்பி செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை கெட்டுப்போன ஒரு எக்ஸெல் ஷீட்டை மாதக் கடைசியில்தான் யாராவது பார்ப்பார்கள். அதற்குள் நல்ல பிரதி மேல் கெட்டது ஏறியிருக்கும். 2 டிபி டிஸ்க்கில் மூன்று வாரப் பிரதிகள் தங்கும். நான்காவது வாரம் வந்தால் மிகப் பழையதை அழித்தால் போதும்.

'கூகுள் டிரைவ்ல போட்டிருக்கோமே' என்பவர்களுக்கு: நல்லதுதான், ஆனால் ஆபீஸில் யாராவது கைதவறி அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அப்புறம் போய்விடும்.

வீட்டில் இருந்த ஒரு பிரதி பெரிய சினிமா கம்பெனியையே காப்பாற்றியிருக்கிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து 'டாய் ஸ்டோரி 2' பார்த்திருப்பீர்கள். 1998-ல், பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் அந்தப் படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே அழிந்தன. சரி, பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை! பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் காரில் வைத்துப் பத்திரமாக ஓட்டி வந்து படத்தை மீட்டார்கள். (அப்புறம் கதை திருப்தி இல்லை என்று பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தது தனிக்கதை.)

எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை. நீங்கள் மாதம் ஒருமுறை பாருங்கள். வீட்டு டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது ஒரு வேர்டு ஃபைல், ஒரு எக்ஸெல், ஒரு போட்டோ திறந்து பாருங்கள். டேலி பேக்கப்பை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, போன வார வவுச்சர் தெரிகிறதா என்று பாருங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் கொடுத்துவிடாதீர்கள், பழையது வந்து புதியதை மூடிவிடும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்.

கடைசியாக ஒரு பயம் நியாயமானது. அந்த டிஸ்க்கில் கிளையன்ட்டுகளின் பான், ஆதார் நகல், ஊழியர்களின் சம்பளம் எல்லாம் இருக்கும். அதை டூவீலர் டிக்கியில் போட்டு எடுத்துப் போகிறோம். விண்டோஸ் புரோ இருந்தால் 'பிட்லாக்கர்' வைத்து டிஸ்க்குக்குப் பூட்டு போட்டுவிடுங்கள். அதன் பாஸ்வேர்டையும் ரெக்கவரி கீயையும் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.